அங்க உங்களுக்கு ஆர் இருக்கினம்?

கையில் வேலை இல்லை. எங்கு பார்த்தாலும் ஆட்குறைப்பு. இந்த நேரத்தில் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, சொந்தக்காரர் ஒருவரும் இல்லாத ஒரு நகரத்துக்குக் குடிபோகலாமா?

கடந்த இரண்டு வருடமாக இந்தக் கேள்வியை என்னிடம் கேட்கிறவர்கள் கூடிவிட்டார்கள். பெரும்பாலும் என்னைப் போலச் சின்ன வயதில் வந்தவர்கள், அல்லது இங்கேயே பிறந்தவர்கள். ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் வளர்ந்து, இப்போது இரண்டு பிள்ளைகளோடு இருப்பவர்கள். வாடகை கழுத்தை நெரிக்கிறது, வீட்டில் ஒருவருக்கு வேலை போய்விட்டது. கல்கரி நல்லது என்கிறார்கள், வினிப்பெக் நல்லது என்கிறார்கள். என்னிடம் கேட்பதற்குக் காரணம் உண்டு. 2009ஆம் ஆண்டு மந்தநிலையில் நாங்கள் அதைச் செய்தனாங்கள். ஸ்காபரோவிலிருந்து சஸ்கற்றூனுக்கு, இரண்டு பேருக்கும் வேலை இல்லாமல், 6 வயது மகளோடும் 3 வயது மகனோடும்.

போங்கோ என்றும் சொல்லமாட்டேன், போகாதேங்கோ என்றும் சொல்லமாட்டேன். எதையெல்லாம் எண்ணிப் பார்க்கவேண்டும் என்று சொல்கிறேன். அதில் காசு பாதிதான்.

அந்த வருடம்

2008 செப்டம்பரில் அமெரிக்காவில் லேமன் பிரதர்ஸ் விழுந்த அதிர்ச்சி எங்கள் தெருவுக்கு வந்துசேர ஐந்து மாதம் எடுத்தது. 2009 ஏப்ரல் 30இல் கிறைஸ்லரும் ஜூன் 1இல் ஜெனரல் மோட்டோர்ஸும் அமெரிக்க நீதிமன்றத்தில் வங்குரோத்துப் பாதுகாப்புக் கேட்டன. கார் உதிரிப்பாகம் செய்த ஒன்ராறியோத் தொழிற்சாலைகள் அதற்கு முன்னரே ஆட்களை நிறுத்தத் தொடங்கிவிட்டன. என் கணவர் அப்படி ஒரு தொழிற்சாலையில் மில்றைட், அதாவது ஆலை இயந்திரங்களைப் பூட்டுவதும் பழுதுபார்ப்பதும் தொழில். பெப்ரவரியில் அவருடைய ஷிஃப்ற் முழுவதையும் ஒரே நாளில் நிறுத்தினார்கள். நான் மகன் பிறந்தபிறகு வேலைக்குத் திரும்பியிருக்கவில்லை.

நாலு மாதம் தேடினார். அவரோடு வெளியே வந்த அத்தனை பேரும் அதே பத்துப் பன்னிரண்டு இடங்களுக்குத்தான் விண்ணப்பித்தார்கள். அந்த வருடம் ஒன்ராறியோவில் வேலையின்மை 9 வீதம். சஸ்காச்சுவானில் 5 வீதத்துக்கும் கீழே, கனடாவிலேயே மிகக் குறைவு. பொட்டாஷ், யுரேனியம், எண்ணெய், தானியம் என்று அங்கே மண்ணிலிருந்து வருகிற தொழில்கள். அத்தனைக்கும் இயந்திரம் வேண்டும், இயந்திரத்துக்கு மில்றைட் வேண்டும். இவருக்கு அந்த எண்ணம் அங்கிருந்துதான் வந்தது.

அந்த மே மாதம் எங்கள் வீடுகளில் எப்படி இருந்தது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மே 10ஆம் திகதி கார்டினர் விரைவுச்சாலையில் எங்கள் சனம் இறங்கி நின்றது. மே 18உடன் ஊரில் எல்லாம் முடிந்தது. அப்பா ரீவிக்கு முன்னால் இருந்து எழும்பவே இல்லை. அப்படியான ஒரு நேரத்தில்தான் நாங்கள் போய், சஸ்கற்றூன் என்று ஒரு பெயரைச் சொன்னோம்.

அப்பாவின் கேள்வி

அப்பா மறுக்கமாட்டார் என்று எதிர்பார்த்தேன். காரணம், அவரே அப்படிச் செய்தவர். 1986இல் எங்களோடு மொன்றியலில் வந்திறங்கினார். 1991 மந்தநிலையில் அங்கே அவர் வேலை செய்த உடுப்புத் தொழிற்சாலை மூடியது. அம்மாவையும் எங்களையும் ஒரு வானில் ஏற்றிக்கொண்டு, வேலை இல்லாமல்தான் ரொறன்ரோ வந்தார். எனக்கு அப்போது 12 வயது.

அதை நான் ஞாபகப்படுத்தினேன். அவர் சொன்னார்:

"நான் வெளிக்கிட்டது உண்மைதான் பிள்ளை. ஆனா இஞ்ச உன்ர சித்தப்பா இருந்தவன். அவன்ர பேஸ்மென்றில நாலு மாதம் இருந்தம். மூண்டாம் நாளே அவன்ர சிநேகிதன் என்னை ஒரு ரெஸ்ரோறன்ருக்குக் கூட்டிக்கொண்டு போய் விட்டவன். அங்க உங்களுக்கு ஆர் இருக்கினம்?"

இந்தக் கேள்விக்கு எங்களிடம் பதில் இருக்கவில்லை. ஆனால் அது சரியான கேள்வி.

எங்கள் பெற்றோரின் தலைமுறை வேலை இல்லாமல் ஊர் விட்டு ஊர், நாடு விட்டு நாடு போனது. ஆனால் ஆள் இல்லாமல் போனது குறைவு. முதல் படுக்கை ஒரு மச்சானின் பேஸ்மென்ற். முதல் வேலை ஒரு ஊர்க்காரரின் சொல். அவசரக் காசு ஒரு சீட்டு. பிள்ளை பார்க்க ஒரு அன்ரி. வேலைக்கு முன்னால் இத்தனையும் தயாராக நின்றன. வேலை கிடைக்கும்வரை அவர்களைத் தாங்கியது வங்கிக் கணக்கு அல்ல, அந்த ஆட்கள்.

நாங்கள் செய்ய நினைத்தது அதற்கு நேர்மாறு. அவர்கள் சனத்தை நோக்கிப் போனார்கள், நாங்கள் சனத்தை விட்டுப் போகப் பார்த்தோம். வேலையும் இல்லை, ஆளும் இல்லை என்றால் அது துணிச்சல் இல்லை, சூதாட்டம். ஆகவே இரண்டில் ஒன்றையாவது முதலில் தேடுவதென்று முடிவெடுத்தோம். வேலையைத் தூரத்திலிருந்து தேடிக் கிடைக்கவில்லை. சரி, ஆளைத் தேடுவோம்.

மூன்று கிழமை

ஜூன் மாதம் இவர் தனியாக, ஒரு சூட்கேஸோடு கிரேஹவுண்ட் பஸ்ஸில் போனார். கோடை விடுமுறைக்கு ஊர் போன ஒரு பல்கலைக்கழக மாணவரின் அறையை மூன்று கிழமைக்கு வாடகைக்கு எடுத்தார்.

முதல் கிழமை, தன் தொழில் சான்றிதழ் அங்கே செல்லுமா என்று நேரில் போய் உறுதிப்படுத்தினார். அவரிடம் ரெட் சீல் முத்திரை இருந்தது. கனடாவில் பல கைத்தொழில்களுக்கு உள்ள இந்த முத்திரை இருந்தால், வேறு மாகாணத்தில் திரும்பவும் பரீட்சை எழுதத் தேவையில்லை. தாதியர், ஆசிரியர், கணக்காளர் போன்றவர்களுக்கு ஒவ்வொரு மாகாணத்திலும் தனித்தனி ஒழுங்குமுறை அமைப்பு உண்டு. அந்த உரிமம் கையில் வர எத்தனை மாதம் எடுக்கும் என்பது போவதற்கு முன் தெரிந்திருக்கவேண்டும்.

இரண்டாம் கிழமை, நகரத்தின் வடக்கில் இருக்கும் தொழிற்பேட்டையில் வாசல் வாசலாக ஏறி இறங்கினார். அங்கே ஒரு உண்மை தெரியவந்தது. புள்ளிவிபரம் சொன்ன அளவுக்குக் கதவு திறந்திருக்கவில்லை. அந்த வருடம் பொட்டாஷ் விற்பனை விழுந்து, சுரங்கங்களே உற்பத்தியைக் குறைத்திருந்தன. ஒரு மாகாணத்தின் வேலையின்மை வீதம் குறைவு என்பதற்காக உங்கள் தொழிலுக்கு அங்கே இடம் இருக்கிறது என்று அர்த்தம் இல்லை.

மூன்றாம் கிழமை கோவிலுக்குப் போனார். அங்கே ஒரு யாழ்ப்பாணக் குடும்பம், 12 வருடமாக அங்கே இருப்பவர்கள். "எந்த ஊர்?" என்று தொடங்கி, சாப்பாட்டுக்குக் கூப்பிட்டு, கடைசியில் வீடு வாடகைக்கு விட இருந்த ஒருவரிடம் கூட்டிக்கொண்டு போனார்கள். 2006 கணக்கெடுப்பின்படி அந்த நகரத்தில் 2 இலட்சத்துச் சொச்சம் பேர்தான். வேலை தேடி வந்தவர்கள் கூடி, காலி வீடு அரிதாகிப்போன நேரம் அது. வேலைக் கடிதம் இல்லாத ஒருவருக்கு வீடு கொடுக்க எந்த வீட்டுக்காரரும் யோசிப்பார். இவர் வங்கிக் கணக்கையும், ரொறன்ரோவில் ஆறு வருடம் வாடகை தவறாமல் கட்டிய கடிதத்தையும் காட்டினார். பக்கத்தில் நின்றவர், "எனக்குத் தெரிஞ்ச ஆக்கள்" என்று ஒரு சொல் சொன்னார். அந்தச் சொல்லுக்குத்தான் வீடு கிடைத்தது.

அன்றிரவு அப்பாவுக்குப் போன் பண்ணி, "இப்ப ஒரு ஆள் இருக்கு" என்றேன். அவர் "ம்" என்றார். சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம்.

மேசையில் போட்ட கணக்கு

எங்கள் உண்மையான இலக்கங்களைத் தருகிறேன். கையில் 15,000 டொலர். ஈ.ஐ. என்று நாங்கள் சொல்லும் வேலைவாய்ப்புக் காப்புறுதி, அந்த வருடம் உச்சம் கிழமைக்கு 447 டொலர். வரி போக மாதம் ஏறக்குறைய 1,700.

ரொறன்ரோவில் மாதச் செலவு 3,200. ஆக மாதம் 1,500 துண்டு விழும். 15,000 டொலர் 10 மாதம் தாங்கும்.

சஸ்கற்றூனில் மதிப்பிட்ட செலவு 2,500. வாடகை 950. கார் காப்புறுதி அங்கே அரசு நிறுவனத்தின் கையில், ஸ்காபரோவில் கட்டியதில் பாதிகூட வரவில்லை. மாதத் துண்டு 800. ஆனால் ட்றக், பெற்றோல், மோட்டல் எல்லாம் சேர்த்துப் போக மட்டும் 3,200, வீட்டு முற்பணம் 950. மிச்சம் 10,850. அது 13 மாதம் தாங்கும்.

வித்தியாசம் மூன்று மாதம்தான். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் "அங்கே மலிவு" என்ற ஒரே சொல்லில் பலர் வெளிக்கிடுகிறார்கள். குடிபெயரும் செலவே அந்த மலிவில் பெரும்பகுதியைச் சாப்பிட்டுவிடும். எங்களுக்குத் தராசு சாய்ந்தது அந்த மூன்று மாதத்தால் அல்ல, 13 மாதத்துக்குள் வேலை கிடைக்கும் வாய்ப்பு அங்கே கூட என்பதால்.

இன்னொரு வரியையும் எழுதினோம். ஈ.ஐ. நின்றுபோனால் என்ன? அப்போது 10,850 டொலர் நாலரை மாதம்கூட வராது. ஆகவே கணக்கில் 6,000 டொலருக்குக் கீழே போனால், வேலை இல்லாவிட்டால், திரும்பி வருவது என்று போகமுன்னரே பேசி முடித்தோம். பிறகு வந்த சண்டைகள் எத்தனையோ. ஆனால் "இன்னும் எத்தனை நாள் பார்க்கிறது?" என்ற சண்டை மட்டும் வரவில்லை.

கடதாசி வேலைகள்

இவை சலிப்பானவை. ஆனால் பிள்ளைகளோடு போகும்போது இவற்றில் ஒன்று பிசகினாலும் அலைச்சல்தான்.

ஈ.ஐ.: நாட்டுக்குள் எங்கே குடிபோனாலும் தொடரும். புதிய முகவரியைச் சேர்விஸ் கனடாவுக்கு அறிவித்து, இரண்டு கிழமைக்கு ஒருமுறை கொடுக்கும் அறிக்கையை விடாமல் கொடுக்கவேண்டும். வேலை தேடுவதற்கான பதிவுகளை வைத்திருக்கவேண்டும். உச்சத் தொகை 2025இல் கிழமைக்கு 695 டொலராக இருந்தது. உச்சம் எதுவானாலும் சம்பளத்தில் 55 வீதம்தான் என்பதை மறக்கவேண்டாம்.

துணையின் வேலை: ஒருவருக்கு வேலை போய், மற்றவர் தன் வேலையை விட்டுக் கூடப் போகிறார் என்றால், துணையோடு இன்னொரு இடத்துக்குப் போகவேண்டிய கடமையை ஈ.ஐ. சட்டம் நியாயமான காரணங்களில் ஒன்றாகச் சொல்கிறது. ஆனால் அது தானாகக் கிடைக்காது. வேறு வழி இருக்கவில்லை என்று காட்டவேண்டும். வேலையை விடுவதற்கு முதல் விசாரியுங்கள்.

மருத்துவம்: புதிய மாகாணத்தின் காப்புறுதி பொதுவாக மூன்றாவது மாதத்தின் முதல் நாளில்தான் தொடங்கும். நாங்கள் ஓகஸ்ட் நடுப்பகுதியில் போனோம், நவம்பர் 1இல் தொடங்கியது. அதுவரை வைத்தியருக்கும் ஆஸ்பத்திரிக்கும் பழைய மாகாண அட்டைதான். அதை எறியவேண்டாம். பிள்ளைகளின் மருந்துகளை இரண்டு மூன்று மாதத்துக்கு வாங்கிக்கொண்டு போங்கள்.

பாடசாலை: வீட்டு முகவரியை வைத்துத்தான் அனுமதி. ஆகவே முதலில் வீடு, பிறகு பள்ளிக்கூடம். பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசிப் பதிவு, கடைசி ரிப்போர்ட் காட் மூன்றையும் ட்றக்கில் போடாமல் கைப்பையில் வையுங்கள்.

ரசீதுகள்: 40 கிலோமீற்றருக்கு மேல் புதிய வேலைக்குக் கிட்டப் போனால் குடிபெயர்ந்த செலவை வரியில் கழிக்கலாம். ஆனால் புதிய இடத்தில் சம்பாதித்த வருமானத்திலிருந்து மட்டும்தான்.

ரெலிபோன் இலக்கம்: போன உடனேயே மாற்றுங்கள். 416இல் தொடங்கும் எங்கள் இலக்கத்தைப் பார்த்து, "குளிர் வந்தால் திரும்பிப் போய்விடுவீர்களா?" என்று கேட்டவர்கள் உண்டு. 306க்கு மாறியபிறகு அந்தக் கேள்வி குறைந்தது.

பதினொரு கிழமை

3,000 கிலோமீற்றருக்குக் கொஞ்சம் குறைவான பாதை. நாலு நாள் ஓடினோம். செப்டம்பரில் மகள் முதலாம் வகுப்புக்குப் போனாள். இவர் தினமும் காலமை எட்டு மணிக்கு, வேலைக்குப் போகிறவர் மாதிரி வெளிக்கிட்டு நூலகத்துக்குப் போனார். பிள்ளைகள் அப்பாவைப் பகலில் கட்டிலில் பார்க்கக்கூடாது என்று இருவரும் பேசிவைத்திருந்தோம்.

எனக்குத்தான் முதலில் வேலை கிடைத்தது. மகளின் பள்ளிக்கூடத்தில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை, நாளுக்கு ஒன்றரை மணித்தியாலம். சம்பளம் மளிகைச் சாமானுக்குக்கூடப் போதாது. ஆனால் நாற்பது தாய்மாருக்கு என் பெயர் தெரிந்தது. அதில் ஒருவரின் தமையன் வேலை செய்த இடத்தில் மில்றைட் ஒருவர் ஓய்வுபெறப் போகிறார் என்று ஒக்ரோபர் கடைசியில் சொன்னார். அந்த வேலை எந்தப் பத்திரிகையிலும் விளம்பரமாக வரவில்லை. நவம்பர் முதல் கிழமை இவர் வேலைக்குப் போனார். வந்து பதினொரு கிழமை.

அது பருப்பு உடைக்கிற ஆலை. கனடாவின் பருப்பில் மிகப் பெரும்பகுதி சஸ்காச்சுவானில்தான் விளைகிறது. அங்கிருந்து உலகமெல்லாம் போகிறது, இலங்கைக்கும். நாங்கள் தினமும் கறி வைக்கிற மைசூர்ப் பருப்பு. மாமி ரெலிபோனில் விழுந்து விழுந்து சிரித்தா. "கடைசியில பருப்புக்குள்ளயே போய் விழுந்திட்டான்."

மணித்தியாலத்துக்கு 24 டொலர் வாங்கியவர் 21க்குப் போனார். மந்தநிலையில் முதல் வேலை பெரும்பாலும் ஒரு படி கீழேதான். இரண்டு வருடம் கழித்துச் சந்தை நிமிர்ந்தபோது ஒரு சுரங்கத்தில் நல்ல சம்பளத்துக்கு மாறினார்.

விலை போடாத சாமான்

இவருக்கு வேலை கிடைத்த கையோடு நானும் ஒரு அலுவலகத்தில் கணக்கு எழுதப் போனேன். அன்றைக்குத்தான் அந்த மேசைக் கணக்கில் இல்லாத ஒரு வரி வந்து நின்றது. மகனுக்கு டேகெயார், மாதம் 550. ஸ்காபரோவில் மாமி சும்மா பார்த்த வேலை அது. சும்மா என்று சொல்கிறோம். அதற்கு அங்கேதான் விலை தெரிந்தது.

அதைவிடப் பெரியது தமிழ். உங்களில் பலரின் வீட்டில் நடப்பதுதான் எங்கள் வீட்டிலும். நானும் இவரும் எங்களுக்குள் ஆங்கிலம். பிள்ளைகளின் தமிழ் அம்மம்மாவும் அப்பம்மாவும் கொடுத்தது. சஸ்கற்றூனில் இரண்டு மாதத்தில் வீட்டில் தமிழ் கேட்பது நின்றது. கடையில் இல்லை, பஸ்ஸில் இல்லை, பக்கத்து வீட்டில் இல்லை. இனி நாங்கள் பேசினால் உண்டு.

இரவுச் சாப்பாட்டு மேசையில் தமிழ் மட்டும் என்று வைத்தோம். சொல் வராவிட்டால் கையால் காட்டு, ஆங்கிலம் வேண்டாம். தினமும் ஸ்கைப்பில் மாமி உள்ளி உரித்தபடி மகனுக்குக் கதை சொன்னா. அந்த மாகாணத்தில் கோடையிலும் மணிக்கூட்டை மாற்றுவதில்லை. ரொறன்ரோவோடு கோடையில் இரண்டு மணித்தியாலம், குளிரில் ஒரு மணித்தியாலம் வித்தியாசம். மாமி தன் நித்திரையை அதற்கேற்ப மாற்றிக்கொண்டா. நாலு குடும்பம் சேர்ந்து ஒரு பேஸ்மென்றில் சனிக்கிழமை வகுப்பு வைத்தோம், ஏழு பிள்ளைகள்.

16 வருடம் கழித்துப் பார்த்தால், மகள் தமிழ் வாசிக்கிறாள், எழுதுகிறாள். மகனுக்கு எல்லாம் விளங்கும், பதில் ஆங்கிலத்தில்தான் வரும். அவன் மாமி வீட்டில் வளர்ந்திருந்தால் வேறு மாதிரி இருந்திருக்கும். ஆனால் நானும் இவரும் இன்று எங்களுக்குள் தமிழில் கதைக்கிறோம். ஸ்காபரோவில் இருந்திருந்தால் அது நடந்திருக்காது.

எந்தக் கணக்கிலும் சமப்படாத ஒன்றும் இருக்கிறது. 2014இல் அப்பாவுக்கு மாரடைப்பு வந்த இரவு, அடுத்த நாள் காலமை விமானத்துக்காகக் காத்திருந்தேன். நான் போய்ச் சேர்ந்தபோது சத்திரசிகிச்சை முடிந்திருந்தது. அப்பா தப்பினார். ஆனால் அந்த இரவும், அதற்குப் பிறகு வந்த ஆஸ்பத்திரிப் பயணங்கள் எல்லாமும் என் தம்பியின் தலையில் விழுந்தன. ஒருவர் தூரப் போனால் கிட்ட இருப்பவர் இரண்டு பங்கு சுமக்கிறார். வெளிக்கிட முதல் அந்தத் தம்பியோடும் தங்கையோடும் உட்கார்ந்து கதைக்கவேண்டும். அது விடைபெறுகிற கதை இல்லை, பங்கு பிரிக்கிற கதை.

போக யோசிக்கிறவர்கள் தங்களிடம் கேட்கவேண்டியவை

உங்கள் சான்றிதழ் அந்த ஊரில் எத்தனை நாளில் செல்லுபடியாகும்?

போகிற செலவையும் முற்பணத்தையும் கழித்தபிறகு, கையில் இருப்பது எத்தனை மாதம்? இரண்டு பேருக்கும் வேலை கிடைத்தால் பிள்ளையை யார் பார்ப்பது, அதற்கு என்ன விலை?

எந்தத் தொகைக்குக் கீழே போனால் திரும்புவீர்கள்? அதை இரண்டு பேரும் ஒரே இலக்கமாகச் சொல்வீர்களா?

இங்கே பெற்றோரை யார் பார்ப்பது? அவரிடம் கேட்டீர்களா?

கடைசியாக, அப்பா கேட்டதுதான். அங்கே உங்களுக்கு ஆர் இருக்கினம்? சொந்தமாக இருக்கவேண்டியதில்லை, தமிழராகக்கூட இருக்கவேண்டியதில்லை. உங்கள் பெயரைச் சொல்லி ஒரு வீட்டுக்காரரிடம் "எனக்குத் தெரிஞ்ச ஆக்கள்" என்று சொல்லக்கூடிய ஒருவர் போதும். அப்படி ஒருவர் இல்லையென்றால், முதலில் ஒருவர் மட்டும் மூன்று கிழமை போய்த் தேடிவிட்டு வாருங்கள். ட்றக்கை அதற்குப் பிறகு புக் பண்ணலாம்.